காரில் ஊருக்கு வரும் செல்லப்பிராணி: வண்டி ஓடும்போது இல்ல, நிக்கும்போதுதான் கவனம்!

பொங்கல், தீபாவளி, மே மாத லீவு. இந்த மூணு சீசன்லயும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அதிகாலை 4 மணிக்கு ஒரு காட்சியைப் பார்க்கலாம். அபார்ட்மென்ட் வாசல்ல கார் டிக்கி திறந்து கிடக்கும். சூட்கேஸ், ஸ்வீட் பாக்ஸ், அம்மாவுக்கு வாங்கின மிக்ஸி, குழந்தையோட சைக்கிள் எல்லாம் ஏறியாச்சு. கடைசியா யாராவது ஒருத்தர் கேட்பாங்க, "சரி, இவனை என்ன பண்றது?"

அந்த 'இவன்' காலுக்கு நடுவுல வாலாட்டிட்டு நிக்கிற ஷிட்ஸூவா இருக்கலாம். சோபாவுக்கு அடியில பதுங்கின பூனையா இருக்கலாம். லாக்டவுன்ல பிள்ளைகளுக்காக வாங்கின முயலாக்கூட இருக்கலாம். பஸ்ல கூட்டிட்டுப் போக முடியாது. ரயில்ல நாயைப் பக்கத்துலயே வெச்சுக்கணும்னா ஏசி முதல் வகுப்புல கேபினையோ கூபேயையோ முழுசா புக் பண்ணணும். இல்லைன்னா கார்டு பெட்டியில இருக்கிற கூண்டுல, நீங்க ஒரு பக்கம், அது ஒரு பக்கம். அதனால நம்ம வீடுகள்ல பெரும்பாலும் முடிவு ஒண்ணுதான்: கார்.

கார் நல்ல முடிவுதான். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நீண்ட பயணத்துல சின்னப் பிராணிகளுக்கு வர்ற பெரிய ஆபத்துகள் பலதும் வண்டி நிக்கும்போதுதான் வருது. டோல், டீக்கடை, "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்" இதெல்லாம்தான் அந்த இடங்கள்.

முதல்ல, அது வரணுமா?

கோபப்படாதீங்க, இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். ரெண்டு நாள் கல்யாணத்துக்கு 600 கி.மீ. தாண்டி திருநெல்வேலிக்குப் போறீங்கன்னு வைங்க. பூனைக்கு அதுல எந்தச் சந்தோஷமும் இல்லை. பூனை ஆட்களைவிட இடத்தோட அதிகமா ஒட்டிக்கிற பிராணி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வந்து சாப்பாடு வெச்சு, மண் தட்டை மாத்திட்டுப் போனா, வீட்டிலேயே இருக்கிறதுதான் அதுக்கு நிம்மதி. ஒரு வாரத்துக்கு மேலன்னா கூட்டிட்டுப் போறதுல அர்த்தம் இருக்கு.

நாய் வேற மாதிரி. அதுக்கு ஆள்தான் வீடு. ஆனா வயசான நாய், இதயப் பிரச்னை இருக்கிற நாய், பிரசவம் நெருங்கின நாய், இன்னும் தடுப்பூசி முடியாத குட்டி இதெல்லாம் வேண்டாம். பக், ஷிட்ஸூ, பெர்ஷியன் பூனை மாதிரி மூக்கு சப்பையா இருக்கிற வகைகளை மே மாசம் பகல்ல கூட்டிட்டுப் போறதும் வேண்டாம். காரணம் சுலபம். நாய்க்கு நம்மை மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைச்சு, ஈரம் ஆவியாகிறது மூலமாத்தான் அது உடம்பைக் குளிர்விக்குது. மூக்கு சப்பைன்னா காத்து போற வழியே குறுகல். அதோட நம்ம சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரப்பதம் நிறைஞ்சு இருக்கிறதால, ஆவியாகிறதும் மெதுவாத்தான் நடக்கும்.

முயலும் கினிப் பிக்கும் இன்னும் நொய்ந்தவை. 28, 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குத் திணறல் ஆரம்பிக்கும். முடிஞ்சா அதை வீட்லயே விடுங்க. கூட்டிட்டுப் போயே ஆகணும்னா ஒரு விஷயம் ஞாபகம் வைங்க. முயலால வாந்தி எடுக்க முடியாது, அதைப் பட்டினி போடவும் கூடாது. சில மணி நேரம் சாப்பிடாம இருந்தாலே குடல் நின்னுபோற அபாயம் இருக்கு. வழி முழுக்கக் கூண்டுக்குள்ள காய்ந்த புல் இருக்கணும்.

இன்னொண்ணு. வீட்ல பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தா பிரச்னை பயணத்துல இல்லை, வளர்க்கிறதிலேயே இருக்கு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 படி ரெண்டையும் வீட்ல வெச்சுக்கிறது குற்றம். லவ் பேர்ட்ஸ், காக்டெயில் பறவைகள் வேற கணக்கு.

கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி

டாக்டரைப் பார்த்துடுங்க. ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டியிருக்கான்னு புத்தகத்தைப் புரட்டுங்க. உண்ணிக்கு மருந்து போட்டு எவ்வளவு நாளாச்சுன்னு கேளுங்க. ஹைவே ஓரப் புல்லுல ஒரு தடவை இறக்கிவிட்டாலே உண்ணி ஏறிக்கும், அது கொண்டு வர்ற காய்ச்சல் நம்ம ஊர் நாய்களைப் படுத்துற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வேப்பேரியில 1903-ல் இருந்து இயங்குற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்பத்தூர், ஆவடிக்காரங்க போறது வழக்கம்தான். உங்க தெரு டாக்டரே கூடப் போதும். பயணம் பண்ற அளவுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு ஒரு சான்றிதழ் வாங்கிக்கோங்க. வெளி மாநிலம் போறீங்கன்னா கண்டிப்பா கையில இருக்கட்டும்.

அம்பத்தூர்வாசிகளுக்கு ஒரு குறிப்பு. நீங்க பெருநகர சென்னை மாநகராட்சியோட 7-வது மண்டலத்துல வர்றீங்க, அங்க நாய், பூனைக்கு உரிமம் வாங்கணும். ஆவடி 2019-ல் இருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அவங்கவங்க அலுவலகத்துல கேட்டுக்கோங்க.

'விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978'னு ஒண்ணு இருக்கு. அனுப்பிவைக்கப்படுற நாய், பூனைகளை மனசுல வெச்சு எழுதினது. சொந்தக் கார்ல போற நாம அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். ஆனா அதுல இருக்கிற கணக்கு ரொம்ப உபயோகமானது. கிளம்புறதுக்கு 2 மணி நேரம் முன்னாடியே சாப்பாடும் தண்ணியும் கொடுத்து முடிக்கணும். கோடையில 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்துல 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை நாய்க்குத் தண்ணி. பெரிய நாய்க்கும் பூனைக்கும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, குட்டிகளுக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. கார் பயணத்துல தண்ணியை இதைவிட அடிக்கடி காட்டுங்க. சாப்பாட்டு விஷயத்துல இந்த அளவு சரியா இருக்கும். வாந்தி எடுக்கிற நாயா இருந்தா சாப்பாட்டை 3, 4 மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க.

அப்புறம் ஒத்திகை. பல நாய்களுக்குக் கார்னா ஊசிதான் ஞாபகம் வரும், ஏன்னா அது கார்ல போற ஒரே இடம் டாக்டர் வீடு. அந்த ஞாபகத்தை மாத்துங்க. முதல் நாள் வண்டி நிக்கும்போதே உள்ள உக்கார வெச்சு ஒரு பிஸ்கட். அடுத்த நாள் தெருவை ஒரு சுத்து. அப்புறம் பூந்தமல்லியில இருந்து செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும், ஆவடியில இருந்து திருமுல்லைவாயல் வரைக்கும்னு தூரத்தைக் கூட்டுங்க. பூனைக்கு கேரியரை ரெண்டு வாரம் ஹால்ல திறந்தே வைங்க. உள்ள அதோட பழைய துணி. அதுவா போய்த் தூங்க ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்சது.

மடியில வேண்டாம், ப்ளீஸ்

இந்த இடத்துல நான் ஒரு பழைய தப்பை ஒத்துக்கணும். முதல் தடவை எங்க வீட்டுப் பூனையை ஊருக்குக் கூட்டிட்டுப் போனப்போ, "பாவம், கத்துது"ன்னு கேரியரைத் திறந்துவிட்டேன். அஞ்சு நிமிஷம் மடியில சமத்தா இருந்தது. பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சான். அடுத்த நொடி பூனை டிரைவர் காலுக்கு அடியில, கிளட்சுக்குப் பின்னாடி. வண்டி 80-ல போயிட்டு இருந்தது. ஓட்டிட்டு இருந்த அண்ணன் கிளட்சை மிதிக்காம, மெதுவா பிரேக் மட்டும் பிடிச்சு ஓரங்கட்டினார். வண்டி குலுங்கி இன்ஜின் ஆஃப் ஆச்சு. அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினது அவரோட நிதானம் மட்டும்தான். அதுக்கப்புறம் எவ்வளவு கத்தினாலும் திறக்கிறது இல்லை.

விபத்துன்னு வந்தா கணக்கு இன்னும் பயங்கரம். 60 கி.மீ. வேகத்துல போற வண்டி சட்டுனு மோதி நின்னா, கட்டாம இருக்கிற 5 கிலோ நாய் அதே வேகத்துல முன்னாடி பறக்கும். அந்த வேகம், 14 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது நாலு மாடிக்கு மேல இருந்து விழுறதுக்குச் சமம். முன் சீட்ல உங்க மடியில இருந்தா உங்களுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவுல அதுதான் மாட்டும்.

சின்னப் பிராணிக்கு நல்ல இடம், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல தரையில அசையாம பொருந்தி நிக்கிற கேரியர். அங்க அடங்கலைன்னா பின் சீட்ல வைங்க, ஆனா சீட் பெல்ட் நுழைக்கிற பட்டை இருக்கிற கேரியரா இருக்கணும். நாயை வெளியே உக்கார வைக்கிறதா இருந்தா கழுத்துப் பட்டையில கட்டாதீங்க, நெஞ்சோட சேர்த்துப் பிடிக்கிற ஹார்னஸ்தான். காய்கறிக் கூடை, அட்டைப்பெட்டி, மூடின டிக்கி மூணுமே கூடாது. தேவையில்லாம வலியும் வேதனையும் தர்ற மாதிரி ஒரு விலங்கைக் கொண்டுபோறது, 1960-ம் ஆண்டு விலங்குவதை தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றமும் கூட.

வெயில் எந்தப் பக்கம் விழும்னும் பாருங்க. காலையில வண்டலூர், திண்டிவனம்னு தெற்கே போறப்போ இடது பக்கக் கண்ணாடியில வெயில் அடிக்கும். கேரியர் வலது பக்கம் இருக்கட்டும். காலையில பெங்களூரு ரோட்டுல மேற்கே போனா வெயில் பின் கண்ணாடி வழியா வரும். சாயங்காலம் அதே ரோட்டுல திரும்பி வரும்போதும் முதுகுலதான் வெயில். ரெண்டு தடவையும் கேரியரைத் தாழ்வா, தரையில வைக்கிறது நல்லது.

கார் பெர்ஃப்யூமைக் கழட்டி வீட்ல வெச்சிடுங்க. நமக்கே குமட்டுது, அதோட மூக்குக்கு என்ன ஆகும்? வண்டி முன்னாடி கட்டியிருக்கிற எலுமிச்சை இருக்கட்டும், அதால யாருக்கும் தொந்தரவு இல்லை. வாந்திக்கு மாத்திரை வேணும்னா டாக்டர் கொடுக்கிறது மட்டும்தான். நம்ம மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் பூனையோட உயிரையே எடுத்துடும்.

"ரெண்டே நிமிஷம்"

இப்போ நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன்.

நிறுத்தின காருக்குள்ள வெப்பம் எவ்வளவு வேகமா ஏறும்னு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. ஒரு மணி நேரத்துல உள்ளே சராசரியா 22 டிகிரி செல்சியஸ் கூடுது. அதுல 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிடுது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கவனிங்க, அவங்க அளந்த நாள்கள்ல சிலது வெறும் 22 டிகிரி வெயில். நமக்கு மே மாசம் ஆரம்பமே 38. வெளியே நிழல்ல நின்னாலே சுடுற நாள்ல, விக்கிரவாண்டி பக்கம் ஒரு ஹோட்டல் வாசல்ல நிறுத்தின கார் எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. "புளியமர நிழல்லதானே நிறுத்தினோம்"னு சொல்லலாம். நீங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நிழல் நகர்ந்துடும்.

அதனால ஒரே ஒரு விதி போதும்: பிராணி இருக்கிற கார்ல எப்பவும் ஒரு பெரிய ஆள் இருக்கணும், ஏசி ஓடணும். குடும்பமா போனா சாப்பாடு ரெண்டு ஷிஃப்ட். இல்லைன்னா பார்சல் வாங்கி வண்டியிலேயே சாப்பிடுங்க. தனியா ஓட்டிட்டுப் போறவங்க பாத்ரூம் போறதா இருந்தாலும் கேரியரைக் கையில தூக்கிட்டே போங்க. பார்க்கிறவங்க பார்க்கட்டும்.

கிளம்புற நேரமும் இதே கணக்குதான். அம்பத்தூர், ஆவடியில இருந்து காலை 4 மணிக்குக் கிளம்பி அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு வண்டலூர்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல ஏறினா, பரனூர் டோல்ல கூட்டம் சேர்றதுக்குள்ள தாண்டிடலாம். ஏழரை மணி சுமாருக்கு உளுந்தூர்பேட்டை, நடுவுல நின்னு போனாலும் 10 மணி வாக்குல திருச்சி. பெங்களூரு பக்கம்னா பூந்தமல்லியில இருந்து நேரா ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர். வெயில் ஏறுறதுக்குள்ள ஆம்பூர், வாணியம்பாடி வந்துடும். மதியம் 11-ல் இருந்து 4 வரைக்கும் எங்கேயாவது உறவினர் வீட்ல படுத்துட்டுப் போனா இன்னும் உத்தமம்.

ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நாயை இறக்குங்க. கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே லீஷ் மாட்டி, கையில ஒரு சுத்து சுத்திக்கோங்க. காணாமப் போறது பெரும்பாலும் இந்த நொடியிலதான். தார் ரோட்டுல உங்க புறங்கையை வெச்சுப் பாருங்க. 5 விநாடி வைக்க முடியலைன்னா அதோட பாதமும் தாங்காது. ஹைவே ஹோட்டல் வாசல்ல எப்பவும் நாலு தெருநாய் இருக்கும், அது அவங்க ஏரியா. அங்க இறக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. சாப்பாட்டு விஷயத்துலயும் பாசம் வேண்டாம். வெங்காய ஊத்தப்பம், வெங்காய பக்கோடா எதுவும் நாய், பூனைக்கு ஆகாது, வெங்காயம் ரத்த அணுக்களையே அழிக்கும். வீட்ல தயிர்சாதம் சாப்பிட்டுப் பழகின நாயா இருந்தாலும், காலையில பிசைஞ்சதை மதியம் கார்ல இருந்து எடுத்துக் கொடுக்காதீங்க, புளிச்சிருக்கும். காய்ந்த உணவு, வீட்டுத் தண்ணி, ஒரு எவர்சில்வர் கிண்ணம் போதும்.

பூனையை வழியில இறக்கவே வேண்டாம். கேரியருக்குள்ள பழைய நியூஸ்பேப்பரோ பேட்-டோ விரிச்சு, மேல ஒரு மெல்லிய காட்டன் துணியைப் பாதி மூடி விடுங்க. எட்டு மணி நேரம் சாப்பிடாம, ஒண்ணுக்குப் போகாமக்கூட வரும், பயப்படாதீங்க. ஊருக்குப் போயும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட பேசுங்க. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைச்சா மட்டும் உடனே நிறுத்துங்க, பூனைக்கு அது சாதாரணம் இல்லை.

உடம்பு கொதிச்சா

நாயோட இயல்பான உடல் வெப்பமே 38.3-ல் இருந்து 39.2 டிகிரி வரைக்கும். 41-ஐத் தொட்டா உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். அதுக்கு முன்னாடியே அடையாளம் தெரியும்: நிக்காத மூச்சிரைப்பு, பசை மாதிரி எச்சில், ஈறு கருஞ்சிவப்பா மாறுறது, தள்ளாட்டம், வாந்தி. இதைப் பார்த்ததும் எல்லாரும் பண்ற முதல் காரியம் ஆஸ்பத்திரியைத் தேடி வண்டியை விரட்டுறது. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் சொல்ற வரிசை வேற: முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் கிளம்பணும்.

நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க. சாதாரணத் தண்ணி போதும், ஐஸ் தேடி அலைய வேண்டாம். ஊத்திட்டே ஒருத்தர் விசிறணும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுடாதீங்க, கொஞ்ச நேரத்துல அது சூட்டை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும். மயக்கத்துல இருந்தா வாயில தண்ணி ஊத்தக் கூடாது. அப்புறம் ஏசியை முழுசா வெச்சு டாக்டர்கிட்ட. இதுக்காகவே டிக்கியில ஒரு 5 லிட்டர் கேன் தண்ணி தனியா இருக்கணும். குடிக்கிற தண்ணி வேற, இது வேற.

எந்த டாக்டர்? அதைத்தான் கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்து வைக்கணும். ஞாயித்துக்கிழமை மதியம் நடு ரோட்டுல கூகுள் மேப்பைத் திறந்தா, காட்டுற பாதி கிளினிக் பூட்டியிருக்கும். வழியில வர்ற மூணு ஊர்ல ஒவ்வொரு கிளினிக்குக்கும் போன் பண்ணிக் கேட்டு, நம்பரை சேவ் பண்ணிக்கோங்க. நாமக்கல்லுலயும் திருநெல்வேலியிலயும் தஞ்சாவூர் பக்கத்துல ஒரத்தநாட்டுலயும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. 1962 எண்ணும் இருக்கட்டும். அது முக்கியமா ஆடு மாடுகளுக்கான நடமாடும் சேவை, இருந்தாலும் கிராமத்துப் பக்கம் மாட்டிக்கிட்டா கேட்டுப் பார்க்கலாம்.

மலைக்குப் போறவங்களுக்கு ரெண்டு வரி. ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுல 20. அடிவாரத்துல அரை மணி நேரம் நிறுத்தி, நடக்கவிட்டு, வெறும் வயித்தோட மெதுவா ஏறுங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ல் இருந்து இ-பாஸ் கட்டாயம். அங்க சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்க.

ஊர் வந்தாச்சு, கதவைத் திறக்காதீங்க

பயணம் முடிஞ்சதுன்னு நாம நினைக்கிற நேரம்தான் இன்னொரு நிறுத்தம். பாட்டி வீட்டு வாசல்ல எல்லாரும் ஓடி வருவாங்க, நாலு கதவும் ஒரே நேரத்துல திறக்கும். அபார்ட்மென்ட்ல வளர்ந்த பிராணிக்கு ஊர் வீடு ஒரு புது உலகம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மாட்டுத் தொழுவம், கோழி, மூலையில வெச்ச எலி மருந்து, பக்கத்து வீட்டு நாட்டு நாய். இறங்குறதுக்கு முன்னாடியே போன் போட்டு, "அத்தை, எலி மருந்து வெச்சிருந்தா எடுத்துடுங்க, ஒரு ரூமை மட்டும் காலி பண்ணி வைங்க"ன்னு சொல்லிடுங்க. நாயை லீஷோட ஒரு தடவை வீட்டைச் சுத்திக் காட்டுங்க. பூனையைக் கேரியரோட நேரா அந்த ரூமுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திட்டு அப்புறம் திறங்க. கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கும். இழுக்காதீங்க, கிண்ணத்துல தண்ணியும் மண் தட்டும் வெச்சிட்டு நீங்க போய் காபி குடிங்க. எங்க பூனை அன்னிக்கு ராத்திரி 11 மணிக்குத்தான் வெளியே வந்தது.

திரும்பி வர்றதுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். லீவு முடியுற அன்னிக்குச் செங்கல்பட்டுல இருந்து வண்டலூர் வரைக்கும் வண்டி நகரவே நகராது. ஒரு நாள் முன்னாடி கிளம்புங்க, இல்லைன்னா திங்கக்கிழமை லீவு சொல்லிடுங்க.